ஸ்டேஷன் அடைத்த மாதத்தில் ஒரு சிவப்புக் கொடி

எங்கள் பாயின்ட்ஸ்மேன்மாருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நான் வேலை முடிந்து ஓய்வான பெறவும் அதிலிருந்து யாரும் என்னை எடுத்து விடவில்லை, நானும் இறங்கிப் போகவில்லை. காலையில் பூப்படம், மதியம் யூனியன் நோட்டீஸ், சாயங்காலம் யாருடைய பிள்ளைக்காவது கல்யாணப் பத்திரிகை. போன வாரம் இளவட்டம் ஒருத்தன் அதில் கேட்டிருந்தான்: "அண்ணாச்சி, நகரத்து ஸ்டேஷனை மறுபடியும் அடைக்கப் போறாங்களாம். புதுப்பிக்கிற வேலை அடுத்த கட்டமாம். வண்டியெல்லாம் பழையபடி நம்ம பக்கம் வந்து தான் நிக்கும். போன தடவை நீங்க எப்பிடி சமாளிச்சீங்க? ஒண்ணு எழுதிப் போடுங்களேன்."

எனக்கு எழுத்து வேலை வராது. ரயில்வேயில் சேர்ந்த நாள் முதல் நான் எழுதினதெல்லாம் லீவு அப்ளிகேஷன் தான். அதில் பாதியும் ஆனை வாயில் போன கரும்பு. ஆனாலும் கேட்டவன் மரியாதையாகக் கேட்டான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் தாசன். ஊர், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், தண்டவாளத்துக்குக் கிழக்கே. முதலில் கல் அள்ளிப் போடுகிற கேங்கில் இருந்தேன், பெறவு பரீட்சை எழுதி பாயின்ட்ஸ்மேன் ஆனேன். பயிற்சிக்குப் போன இடத்தில் படித்ததில் இரண்டு விஷயம் தான் இன்றைக்கு நினைவில் நிற்கிறது. ஒன்று, அங்கே சாம்பாரில் உப்பு இருக்காது. இரண்டாவது, சிவப்புக் கொடி காட்ட யாரிடமும் காரணம் கேட்க வேண்டாம், பச்சைக் கொடி காட்டத்தான் காரணம் வேண்டும். மற்றதெல்லாம் வேலை பார்த்துப் படித்தது.

வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு லைன் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குப் பெயர் பாயின்ட். வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அதைத் திருப்பி வைக்க வேண்டும். சாதாரண நாளில் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்து பொத்தானை அமுக்கினால் மோட்டார் அதைத் திருப்பும், சிக்னல் தானாக விழும். எங்களுக்குக் கொடி பிடிக்கிற வேலையும் எடுபிடி வேலையும் தான். இது தெரிந்து எனக்க அண்ணன் அந்தோணி என்னைக் கேலி செய்வார்.

அண்ணன் நகரத்து ஸ்டேஷனில் போர்ட்டர். சிவப்புச் சட்டையும் தலையில் சும்மாடுமாக வாழ்நாள் பூராவும் அங்கேயே கழித்த ஆள். "எலே, வண்டியை நிப்பாட்டுகது நீ. நிக்கிற வண்டியில உள்ள சாமானை எறக்குகது நான். மத்தவனுவ எல்லாம் கையெழுத்துப் போடுகவனுவ ஆக்கும்" என்பார். எங்கள் வீட்டில் அப்பன் சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்ததும் அவர், பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர். இதை நான் அவரிடம் ஒரு நாளும் நன்றி என்று சொன்னதில்லை. எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்குள் அப்படிப் பேசிக்கொள்வது வழக்கமில்லை.

நகரத்து ஸ்டேஷனை அடைக்கப் போகிறார்கள் என்று முதலில் பத்திரிகையில் வந்தபோது யாரும் நம்பவில்லை. ரயில் ஸ்டேஷனை எப்படி அடைப்பார்கள், பெட்டிக்கடையா என்று பேசிக்கொண்டோம். ஆனால் அடைத்தார்கள். பழைய கூரையைப் பிரித்து, பிளாட்பாரத்தைத் தோண்டி, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுகிற வேலை. தெற்கே இருந்து நகரத்துக்குப் போகிற வண்டிகளில் பாதியை எங்கள் சின்ன ஸ்டேஷனிலேயே நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. இறங்குகிற ஜனம் வெளியே நிற்கிற பஸ்ஸில் ஏறிப் போக வேண்டும். அதுவரை எங்கள் ஸ்டேஷனில் ஒரு சாயாக்கடையும் ஒரு நாயும் தான் உண்டு.

வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமே. அதற்காகப் புதிதாக ஒரு லைன் போட்டார்கள். அதைப் பழைய லைனோடு சேர்க்கிற வரைக்கும் சிக்னலையும் பாயின்ட் மோட்டாரையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க வண்டியைக் கையால் வாங்கி, கையால் அனுப்பினோம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் பாயின்ட் திரும்பும். திரும்பினதும் குனிந்து பார்க்க வேண்டும். நகர்கிற ரெயில், அதாவது தண்டவாளக் கம்பி, நிற்கிற ரெயிலோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவே ஒரு சின்னக் கல் இருந்தாலும் போச்சு, சக்கரம் இறங்கிவிடும். கையை விட்டுத் தடவிப் பார்த்து, இரண்டு ரெயிலையும் சேர்த்து இரும்பு கிளாம்ப்பால் இறுக்கி, அதற்கு ஒரு பூட்டு. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு சாவியைக் கொண்டு போய் ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுக்க வேண்டும். சாவி அவர் கைக்குப் போன பெறவு தான் வண்டிக்குக் கொடி. ஒவ்வொரு வண்டிக்கும் இதே கதை. வடக்கு முனையில் ஒருத்தர், தெற்கு முனையில் நான். மாங்காய் வெயிலில் ஜல்லிக்கல் மேல் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது தான் மிச்சம்.

ஸ்டேஷன் மாஸ்டர் கோமதி மேடம். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து கொஞ்ச காலம் தான் ஆகியிருந்தது. நான் எத்தனையோ மாஸ்டர்மாரைக் கண்டவன். கத்துகிறவர் உண்டு, சிரித்தே கழுத்தை அறுக்கிறவர் உண்டு. இவர் இரண்டும் இல்லை. குரல் உயராது, முகமும் மாறாது. வண்டி லைனில் இருக்கிற நேரம் நாற்காலியில் உட்கார மாட்டார். அடுத்த ஸ்டேஷனில் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்த பெறவு தான் உட்காருவார்.

அவரிடம் "ஆச்சு மேடம்" என்று சொன்னால் ஏற்க மாட்டார். "என்ன ஆச்சு?" என்பார். "பாயின்ட் போட்டாச்சு." "யார் போட்டது?" "நான் தான் மேடம்." "என்ன போட்டீங்க?" கடைசியில் நானே அவருடைய வழிக்கு வந்துவிட்டேன். "பாயின்ட்டைத் திருப்பினேன், கை விட்டுப் பாத்தேன், கிளாம்ப் போட்டேன், பூட்டினேன், இழுத்துப் பாத்தேன், சாவி இந்தா இருக்கு." அப்போது "நல்லது" என்பார். ஒரே ஒரு வார்த்தை. அப்படியும் சில நேரம் குடையை எடுத்துக்கொண்டு தெற்கு முனை வரைக்கும் நடந்து வந்து, பூட்டைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, என்னை நம்பவில்லையே என்று. பெறவு பழகிவிட்டது.

ஸ்டேஷன் அடைத்ததும் அண்ணனுக்கு வேலை இல்லாமல் ஆயிற்று. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். அங்கே கூத்தைப் பாருங்கள். கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டமும் பெட்டியும் சாக்குமாக இறங்கி, தூக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கிறது. தூக்கத் தெரிந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அனுமதி நகரத்து ஸ்டேஷனுக்கு மட்டும் தான், இங்கே பெட்டியில் கை வைக்கக் கூடாது. ஒரு கிழவிக்கு உதவப் போய் போலீஸ்காரர் சத்தம் போட்ட பெறவு, அண்ணன் என்னோடு தெற்கு முனைக்கு வந்து உட்காரத் தொடங்கினார். "தலையில பாரம் இல்லாம எனக்கு ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்குது மக்கா" என்றார் ஒரு நாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மேடம் அவரைப் பார்த்தார். "அது யாரு?" "எனக்க அண்ணன் மேடம்." "பாயின்ட் பக்கத்துல உட்காரக் கூடாது. அந்த மாமரத்தடியில உட்காரச் சொல்லுங்க. அங்க நிழலும் இருக்கு." அவ்வளவு தான் சொன்னார். மறுநாள் முதல் அண்ணன் மாமரத்தடியில் இருந்தார். "இந்த அம்மா செரியான ஆளாக்கும்" என்று சொல்லிக்கொள்வார்.

அந்த மாதம் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். விடியற்காலையில் முற்றத்துக்கு இறங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பாறசாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மகள் மஸ்கட்டில் இருந்து வர வேண்டும் என்று அடக்கத்தை மறுநாளைக்கு வைத்தார்கள்.

நான் மேடத்திடம் போய் லீவு கேட்டேன். அடைப்பு முடிகிற வரைக்கும் ஒருத்தருக்கும் லீவு கிடையாது என்று மேலே இருந்து உத்தரவு. எனக்குப் பதிலாக வர வேண்டியவன் காய்ச்சலில் கிடந்தான். அவர் எனக்கு முன்னாலேயே மூன்று நான்கு இடத்துக்குப் போன் போட்டார். எங்கும் ஆள் இல்லை. "கிடைக்கல தாசன்" என்றார். கூடப் பிறந்தவனைக் குழியில் இறக்கப் போக முடியாத ஒரு வேலை வேலையா என்று உள்ளே கொதித்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியாததும் எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது. அடக்கத்தன்று காலையில் மைனி வீட்டுக்குப் போய் அண்ணன் முகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, தொட முடியாமல், நேரே டியூட்டிக்கு வந்தேன். மைனி என்றால் அண்ணன் மனைவி. "அடக்கத்துக்கு வருவியா?" என்று கேட்டார். "பாக்கேன் மைனி" என்றேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகள் லைனுக்குக் கிழக்கே, கோயிலும் கல்லறைத் தோட்டமும் மேற்கே. ரோட்டு வழியாகப் போனால் குன்னத்துகால் பக்கம் வரைக்கும் சுற்ற வேண்டும். அதனால் சவப்பெட்டியை லைன் வழியாகவே கொண்டு போவோம். ரயில்வே சட்டத்தில் அது குற்றம். ஆனால் எங்கள் அப்பனையும் அப்படித்தான் கொண்டு போனோம். தெற்கு முனையைத் தாண்டினால் மண்ணை வெட்டி லைன் போட்ட பள்ளம் ஒன்று. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் நிறப் பாறை, நடுவே ஒரு வளைவு, ஒதுங்க இடம் கிடையாது. அந்தப் பள்ளம் முடிகிற இடத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் படி உண்டு. மூன்று மணி வண்டி வடக்கே போகும் வரைக்கும் பெட்டியோடு காத்திருப்போம், போனதும் இறங்குவோம். ஒற்றை லைன் தானே, போன வண்டி போனது தான். அடுத்த வண்டி வருவதற்குள் ஒரு அடக்கம் என்ன, ஒரு பெருநாளே முடித்துவிடலாம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

அன்றைக்கு மூன்று மணி வண்டி வந்தது. ஜனம் இறங்கிற்று. வழக்கமாக அந்தக் காலி வண்டி சாயங்காலம் வரைக்கும் எங்கள் பிளாட்பாரத்தில் கிடக்கும். அன்றைக்கு நேரம் தவறி இன்னொரு வண்டி வடக்கே இருந்து வந்துகொண்டிருந்தது, அதை வாங்க இடம் வேண்டும். அதனால் காலி வண்டியை உடனே தெற்கே திருப்பி அனுப்பச் சொல்லி கன்ட்ரோலில் இருந்து உத்தரவு வந்தது. கன்ட்ரோல் என்றால் எல்லா ஸ்டேஷனுக்கும் போனில் வண்டி ஓட்டுகிற அறை. நான் பாயின்ட் திருப்புவதற்குச் சாவி வாங்க மேடத்தின் அறைக்குப் போனேன். அப்போது என் வீட்டுக்காரியிடம் இருந்து போன் வந்தது. "மூணு மணி வண்டி போச்சு. பெட்டி எடுக்கினும்" என்றாள், எடுக்கிறார்கள் என்று. பின்னால் பாட்டுச் சத்தம். நான் ஏதும் சொல்லும் முன்னே வைத்துவிட்டாள்.

போன வண்டி அதே வழியாகத் திரும்பி வரும் என்று எங்கள் ஊரில் யார் நினைப்பார்கள்? திரும்பத் திரும்பப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை, மருமகன் எடுக்கவில்லை. அடக்கத்துக்குப் போகிறவர்கள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள்.

"மேடம், காலி வண்டியை விடாதீங்க" என்றேன். அவர் நின்றுகொண்டு தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பள்ளத்தைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன்.

"எத்தனை பேர் இருப்பாங்க?"

"ஊரே உண்டு மேடம். அண்ணனை எல்லாருக்கும் தெரியும்."

அவர் கன்ட்ரோலைக் கூப்பிட்டார். பள்ளத்துக்குள் லைனில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார். மறுமுனையில் இருந்தவர் சத்தம் எனக்கே கேட்டது. "அவங்க அத்துமீறி நுழைஞ்சவங்க. டிரைவர்கிட்டச் சொல்லுங்க, விசில் அடிச்சுக்கிட்டு மெதுவாப் போகட்டும். பின்னால வண்டி நிக்குது."

"ஒதுங்க இடம் இல்லாத வெட்டுப் பள்ளம். வளைவு இருக்கு. லைனில் தடை இருக்குன்னு நான் சொல்றேன். அனுப்ப மாட்டேன்" என்றார் மேடம். குரல் உயரவில்லை.

"தாமதத்துக்கு நீங்க பதில் சொல்லணும். விசாரணை வரும்."

"சொல்றேன் சார்."

போனை வைத்தார். தெற்கே அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைனில் தடை இருப்பதைச் சொல்லி, அங்கிருந்தும் ஒன்றும் வரக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார். பாயின்ட் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. ஆனாலும் ரூல்படி தடை இருக்கிற இடத்துல ஒரு ஆள் சிவப்புக் கொடியோட நிக்கணும். யாரை அனுப்பலாம்?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "வடக்கு முனையில உள்ளவனைக் கூப்பிடட்டுமா மேடம்?" என்றேன். என் புத்தி அவ்வளவு தான்.

"தாசன். லீவு தர எனக்கு அதிகாரம் இல்ல. டியூட்டி போட அதிகாரம் இருக்கு. கொடியை எடுங்க. தடை லைனை விட்டு நீங்குற வரைக்கும் அது கூடவே இருக்கணும். நீங்கினதும் எனக்குப் போன்ல சொல்லணும். சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டுப் போங்க."

நான் ஓடினேன். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. ஜல்லிக்கல்லில் இரண்டு இடத்தில் தடுக்கி விழப் பார்த்தேன். பள்ளத்துக்குள் நுழைந்ததும் பாட்டுச் சத்தம் பாறையில் முட்டி வந்தது. வளைவு திரும்பினதும் முன்னால் சிலுவை, அதற்குப் பின்னால் அச்சன் என்று நாங்கள் கூப்பிடுகிற பாதிரியார், பெறவு அண்ணன் பெட்டி.

யூனிஃபார்மில் சிவப்புக் கொடியோடு ஒருத்தன் ஓடி வந்தால் யார் பாடுவார்கள்? பாட்டு நின்றது. "எந்தா தாசா, எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்று என்பதை மலையாளத்தில் அச்சன் கேட்டார். காலி வண்டி திரும்பி வர இருந்ததையும் மேடம் தடுத்து வைத்திருப்பதையும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மூணு மணி வண்டி போச்சுல்லா? பெறவு எங்க இருந்து வண்டி?" "போன வண்டி தான் திரும்பி வரும் மாமா." "அதெப்பிடி? நம்ம லைன்ல அப்பிடி ஒரு வழக்கம் இல்லியே" என்றார். அவரிடம் அதற்கு மேல் என்ன சொல்ல.

மைனி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "இவன் இன்னும் முத்தல்ல. தொறங்க" என்றார். எங்களில் பெட்டியை மூடும் முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக முத்தம் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், நான் மட்டும் தான் பாக்கி. சுமந்தவர்கள் பெட்டியைத் தண்டவாளத்தில் இறக்கக் குனிந்தார்கள். "ரெயில்ல வைக்காதீங்க" என்று என் வாயில் இருந்து அதட்டலாக வந்துவிட்டது. பழக்க தோஷம். கையாலேயே இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடித்தார்கள். மூடியைத் திறந்ததும் குனிந்து அண்ணன் நெற்றியில் முத்தினேன். ஐஸ் போல இருந்தது. அழுதேன். கொடியை மட்டும் கீழே விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பெறவு கூட்டத்துக்கு முன்னால் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். படி வந்தது. ஒவ்வொருத்தராக ஏறினார்கள். கடைசி ஆள் ஏறின பெறவும் நான் லைனிலேயே நின்றேன், உத்தரவு அப்படித்தானே. மேலே அச்சன் செபம் சொல்லுவது கேட்டது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"கடைசி ஆள் படி ஏறியாச்சு மேடம். நான் கண்ணால பாத்தேன். லைன்ல ஒருத்தரும் இல்ல."

"நல்லது" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. 

"மண்ணு போட்டாச்சா?"

"இல்ல மேடம். செபம் நடக்கு."

"அவங்க திரும்பி வர்றதும் இதே வழியா?"

"ஆமா மேடம்."

"அப்ப தடை நீங்கல. நீங்க மேல ஏறிப் போங்க. அடக்கம் முடிஞ்சு, ரோட்டு வழியாத்தான் திரும்பணும்னு எல்லார்கிட்டயும் சொல்லி, அவங்க ரோட்டுப் பக்கம் இறங்குறதைப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. அவசரப்படாதீங்க. நான் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

படி ஏறினேன். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு மூன்று கை மண் போட்டேன். ஸ்டேஷனுக்குத் திரும்பினபோது காலி வண்டி அப்படியே நின்றது. வடக்கே வெளியே காத்து நின்ற வண்டியில் இருந்த ஜனம் வழியில் இறங்கி நடந்து வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேடம் பைக்குள் இருந்து சாவியை எடுத்து நீட்டினார். "பாயின்ட்" என்றார். நான் போய்த் திருப்பினேன், கை விட்டுப் பார்த்தேன், கிளாம்ப் போட்டேன், பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன்.

விசாரணைக்கு அடுத்த வாரம் அதிகாரி ஒருத்தர் வந்தார். கெட்டவர் இல்லை. தாமதமான வண்டிக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் வருவதற்கு முன்னே எங்கள் யூனியன் ஆள் என்னிடம் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். லைனில் தடை இருந்தது, ஆள் அனுப்பிப் பாதுகாத்தார்கள் என்றால் மேடம் ரூல்படி செய்தவர். தன்கீழ் வேலை பார்க்கிறவனை அவனுடைய அண்ணன் அடக்கத்துக்கு அனுப்ப வண்டியை நிறுத்தினார் என்று ஆனால், அவருக்கு சஸ்பென்ஷன். இரண்டிலும் நடந்தது ஒரே காரியம் தான். எந்தப் பெயரில் கூப்பிடுகிறோம் என்பது தான் வித்தியாசம்.

மேடத்தை முதலில் கேட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "அத்துமீறினவங்க மேல ஏன் புகார் கொடுக்கல?" என்று கேட்டார். "பெட்டியில இருந்தவர் மேல கொடுக்க முடியாது சார். மத்தவங்களை நான் பாக்கல" என்றார் மேடம். அதிகாரி இருமினது போல ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அடுத்தது நான். எங்கே நின்றேன், கொடி எப்போது காட்டினேன், எல்லாம் கேட்டார், சொன்னேன். கடைசியாகத் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இறந்தது யாரு?"

"நகரத்து ஸ்டேஷன்ல ஒரு போர்ட்டர் சார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"வண்டியில போகும்போது வரும்போது பாத்திருக்கேன் சார்."

எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். மேடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடைப்பு முடிந்த பெறவு சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிப் போனார். அன்றைக்கு நான் அறையை விட்டு வெளியே வந்தபோது, ஐந்து மணி வண்டிக்குப் பாயின்ட் போட்டாச்சா என்று மட்டும் கேட்டார். நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன். எங்கள் இருவருக்குள் அந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சே நடந்ததில்லை.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், மேடத்தைக் காப்பாற்றினதில் ஒரு துளி வருத்தம் இல்லை. மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் சாயங்காலம் மைனியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைனி மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். எனக்க அண்ணன் என்று சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"போர்ட்டர்ணு சொன்னியா?"

"ஆமா மைனி."

"நல்ல போர்ட்டர்ணு சொன்னியா?"

"அதை அவரு கேக்கல மைனி."

"கேக்கலேன்னா சொல்லப்பிடாதா?" என்றார் மைனி. கத்தியை வைத்துவிட்டு முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரூப்பில் எழுதச் சொல்லிக் கேட்டவனுக்காக மட்டும் நான் இதை எழுத உட்காரவில்லை. அன்றைக்கு இறந்தவர் பெயர் அந்தோணி. என் கூடப் பிறந்த அண்ணன். நல்ல போர்ட்டர்.